மஞ்சுளா பத்மநாபனின் சித்திரமும் அறிவியல் புனைவும்: ஹாகியோ மோட்டோவுடன் ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மஞ்சுளா பத்மநாபன் (பி. 1953) இந்திய நாளிதழ்களில் படத்தொடர் வரைந்த பெண் ஓவியர்களுள் முன்னோடி. அறிவியல் புனைவு எழுதிய இந்தியப் பெண்களுள்ளும் அவர் முதன்மையானவர். எனினும் அவருடைய பெரிய அறிவியல் புனைவுகள் சித்திரக்கதையாக அமையவில்லை. நாடகமாகவும் நாவலாகவுமே அமைந்தன. ஏறத்தாழ அதே தலைமுறையைச் சேர்ந்த ஜப்பானிய ஓவியர் ஹாகியோ மோட்டோவிடம் (பி. 1949) இவ்விரு துறைகளும் ஒரே பக்கத்தில் இணைந்தன. இவ்வேறுபாட்டுக்கான காரணத்தை இருவரின் தனித்திறனில் தேடுவதைவிட, அவர்களுக்குக் கிடைத்த இதழ்ச்சூழலில் தேடுவதே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம். பத்மநாபனின் ஓவியக் கண் அவருடைய நாடகத்தினுள் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதும் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சித்திரக்கதை, அறிவியல் புனைவு, பெண் ஓவியர், இதழியல், பால்நிலை, ஒப்பிலக்கியம்.

1. முன்னுரை

மதுரையின் வடபகுதியான ஆனையூர் போன்ற ஊர்களில் எழுபது, எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்குச் சித்திரக்கதை என்பது தெற்கேயிருந்து வந்த பொருள். இரண்டு மணிநேரப் பேருந்துப் பயணத் தொலைவிலுள்ள சிவகாசியில் 1972ஆம் ஆண்டு முத்து காமிக்ஸ் தொடங்கப்பட்டது. அதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து எஃகுக் கை மட்டும் தெரியும் அந்நாயகன் பிரித்தானியச் சிறுவர் வார இதழிலிருந்து தமிழுக்கு வந்தவன். ஆகவே தமிழ் வாசகர் பலர் அறிவியல் புனைவைப் படமாகக் கண்ட முதல் தருணம், ஆண்கள் வரைந்து ஆண்பிள்ளைகளுக்கெனப் பதிப்பித்த ஒன்றின் மொழிபெயர்ப்பாகவே அமைந்தது. 1984ஆம் ஆண்டு தொடங்கிய லயன் காமிக்ஸ் மாடஸ்டி பிளைசி என்ற பெண்ணை நாயகியாக்கியது. ஆயினும் அவளைப் படைத்தவரும் வரைந்தவர்களும் ஆண்களே.

எழுத்தில் நிலைமை சற்று வேறு. தமிழ் அறிவியல் புனைவைப் பரவலாக்கிய 'சுஜாதா' என்ற கையொப்பம் ஒரு பெண்பெயர். ஆனால் அப்பெயரில் எழுதியவர் ரங்கராஜன் என்ற ஆண். 'என் இனிய இயந்திரா'வின் மையத்தில் நிலா என்ற பெண் இருக்கிறாள். பெண்ணின் பெயரும் பெண் பாத்திரமும் தமிழ் அறிவியல் புனைவில் இடம்பெற்றன. பெண் வரைந்த அறிவியல் சித்திரக்கதை என்றொரு மரபு உருவாகவில்லை. இந்த இன்மையை எவ்வாறு விளக்குவது என்ற வினாவே இவ்வாய்வுக்கு அடிப்படை. இன்மையை நேரடியாக ஆராய இயலாது. ஆதலால், இரு திறன்களும் ஒருவரிடம் சேர்ந்திருந்தும் அவை ஒரு வடிவமாக இணையாத இந்திய நிகழ்வு ஒன்றையும், அவை இணைந்த ஜப்பானிய நிகழ்வு ஒன்றையும் அருகருகே வைத்து நோக்க வேண்டியுள்ளது.

2. ஹாகியோ மோட்டோ: இணைந்த இரு துறைகள்

ஹாகியோ மோட்டோ ஃபுகுவோகா மாநிலத்தின் ஓமுத்தா நகரில் பிறந்தவர். 1969ஆம் ஆண்டு 'நகயோஷி' என்ற சிறுமியர் இதழில் அவருடைய முதல் கதை வெளிவந்தது. அங்கு அவருடைய கதைகள் தொடர்ந்து மறுக்கப்பட்டன. சக ஓவியரான தகெமியா கெய்கோவின் அறிமுகத்தால் ஷோகாகுகான் நிறுவனத்தின் பதிப்பாசிரியர் யமமோட்டோ ஜுன்யாவிடம் அவை சென்றன. அவர் அவற்றை ஏற்று வெளியிட்டார். தோக்கியோவின் நெரிமா பகுதியில் ஹாகியோவும் தகெமியாவும் ஒரே வீட்டில் தங்கி வரைந்தனர். இவர்களையும் இவர்களை ஒத்த ஓவியர்களையும் ஜப்பானியத் திறனாய்வாளர் '24ஆம் ஆண்டுக் குழுவினர்' என்பர். ஷோவா ஆட்சிக்காலத்தின் 24ஆம் ஆண்டை, அதாவது 1949ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் என்பது பொருள்.

ஹாகியோவின் 'பதினொருவர் இருக்கிறார்கள்' 1975ஆம் ஆண்டு சிறுமியர் இதழொன்றில் தொடராக வந்தது. விண்வெளிப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் இறுதிக் கட்டத்துக்காகப் பத்து மாணவர் ஒரு கைவிடப்பட்ட கப்பலுக்கு அனுப்பப்படுகின்றனர். உள்ளே சென்றபின் எண்ணினால் பதினொருவர் உள்ளனர். எல்லோரும் தம்மை உரியவர் என்கின்றனர்; ஒருவர் மட்டும் மிகை. இப்படைப்புக்கும் 'போ குலத்தார்' என்ற தொடருக்குமாக 1976ஆம் ஆண்டு ஷோகாகுகான் விருது வழங்கப்பட்டது. தொடர்ந்து 'ஸ்டார் ரெட்', 'வெள்ளி முக்கோணம்', 'எக்ஸ் + ஒய்' ஆகியவை முறையே 1980, 1983, 1985ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய அறிவியல் புனைவு வாசகர் வழங்கும் செய்உன் விருதைப் பெற்றன. 2012ஆம் ஆண்டு அரசின் ஊதா நாடாப் பதக்கமும், 2022ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐஸ்னர் புகழ்மண்டப இடமும் அவருக்குக் கிட்டின.

விருதுப் பட்டியலைக் காட்டிலும் இங்குக் கருதத்தக்கது, அவர் பயின்ற வடிவம். ஒரு கப்பலின் அறைகளையும், அதிலுள்ள பதினொரு முகங்களையும், ஐயம் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு நகர்வதையும் காட்டப் பல பக்கங்கள் தேவை. மாத இதழ் அந்தப் பக்கங்களை அளித்தது. அதனைப் படித்தவர்கள் பெரும்பாலும் பெண்பிள்ளைகள். அறிவியல் புனைவு பெண்பிள்ளைகளுக்குப் பிடிக்காது என்ற எண்ணம் இதழுலகில் வலுவாக இருந்த காலத்தில், அவ்வெண்ணத்தை மீறிப் பக்கம் ஒதுக்கிய பதிப்பாசிரியர் ஒருவரும் இருந்தார். பக்கம், வாசகர், பதிப்பாசிரியர் என்ற இம்மூன்றும் ஹாகியோவின் திறனுக்கு வெளியே அமைந்தவை. அவை இன்றி அத்திறன் இவ்வடிவம் பெற்றிருக்காது.

3. சுகி: நாளிதழ்க் கட்டத்தின் எல்லை

மஞ்சுளா பத்மநாபன் ஆங்கிலத்தில் எழுதுபவர். 1982ஆம் ஆண்டு முதல் பம்பாயின் 'சண்டே அப்சர்வர்' வார இதழில் அவர் வரைந்த 'சுகி' என்ற படத்தொடர் வெளிவந்தது. தொண்ணூறுகளில் தில்லியின் 'பயனியர்' நாளிதழில் அது மீண்டும் தொடர்ந்தது. 2005ஆம் ஆண்டு 'டபிள் டாக்' என்ற தொகுப்பாகவும் வந்தது. பின்னாளில் 'பிசினஸ்லைன்' நாளிதழின் வார இணைப்பில் 'சுகியாகி' என்ற பெயரில் அப்பாத்திரம் மறுபடியும் தோன்றியது.

சுகி கலைந்த சுருள்முடியுடைய நகரத்து இளம்பெண். அவள் யாருக்கும் மனைவியாகவோ மகளாகவோ அறிமுகம் ஆவதில்லை. அவள் பேசுகிறாள், வாதிடுகிறாள், தனக்குத்தானே எண்ணிக்கொள்கிறாள். இந்தியக் கேலிச்சித்திரங்களில் பெண் பெரும்பாலும் நகைச்சுவைக்கு உரிய பொருளாகவே நின்ற காலத்தில், நகைச்சுவையின் உரிமையாளராக ஒரு பெண் நின்றது புதிது. எனினும் சுகிக்கு அமைந்த இடம் சில கட்டங்களே. நாளிதழின் கட்டம் ஒரு கருத்தைத் தொடங்கி அதே மூச்சில் முடிக்கக் கோருவது. தன்னளவில் முழுமையான மற்றோர் உலகைப் படிப்படியாக எழுப்ப அது இசைவதில்லை. பத்மநாபனின் அறிவியல் கற்பனை எண்பதுகளிலிருந்தே சிறுகதைகளில் இடம்பெற்றுவந்தது. அவருடைய பேனாக்கோடு ஒரு பக்கமும் எதிர்காலக் கற்பனை மறுபக்கமுமாகப் பிரிந்து வளர்ந்தன.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். கட்டங்களின் எண்ணிக்கை குறைவு என்பதே காரணமாயின், 'தினத்தந்தி'யின் 'கன்னித்தீவு' எவ்வாறு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் சில கட்டங்களிலேயே கடலையும் தீவையும் மாயத்தையும் காட்டிவருகிறது? இம்மறுப்பு ஏற்கத்தக்கது, அது நம் வாதத்தைத் திருத்தவும் செய்கிறது. சிறு கட்டத்திலும் பேருலகை எழுப்பலாம். அதற்கு நாளையும் மறுநாளும் இடம் உண்டு என்ற உறுதி வேண்டும். அந்த உறுதியை நாளிதழ்கள் சாகசக் கதைக்கு அளித்தன. நகரத்துப் பெண்ணொருத்தியின் குரலுக்கு அளித்தது அன்றாட நகைச்சுவையின் இடத்தை மட்டுமே. ஆகவே பக்க அளவைவிட, எந்தக் கதை தொடரத்தக்கது, அதனை யார் சொல்லலாம் என்ற பதிப்பு முடிவே முதன்மையான காரணம் எனக் கொள்ளலாம்.

4. ஹார்வெஸ்ட்: கூரையில் தொங்கும் கட்டம்

பத்மநாபனின் ஓவியக் கண் அவருடைய அறிவியல் புனைவினின்று முற்றிலும் விலகிவிட்டதா? 'ஹார்வெஸ்ட்' (அறுவடை) நாடகம் அவ்வாறு இல்லை என்று காட்டுகிறது. இந்நாடகம் 1997ஆம் ஆண்டு கிரேக்க நாட்டின் ஓனாசிஸ் பன்னாட்டு நாடகப் போட்டியில் முதற்பரிசு பெற்றது. 2001ஆம் ஆண்டு கோவிந்த் நிஹலானி இதனை 'தேஹம்' என்ற திரைப்படமாக்கினார்.

கதை 2010ஆம் ஆண்டின் பம்பாயில், ஓர் ஒற்றையறைக் குடியிருப்பில் நிகழ்கிறது. எழுதப்பட்ட காலத்துக்கு அது எதிர்காலம். வேலையிழந்த ஓம் தன் உடலுறுப்புகளைச் செல்வ நாட்டவர் ஒருவருக்கு அளிக்க ஒப்பந்தம் செய்கிறான். திருமணமாகாதவனுக்கே ஒப்பந்தம் என்பதால் மனைவி ஜெயா தங்கையாக நடிக்க வேண்டியுள்ளது. வீட்டுக்குள் ஒரு கருவி பொருத்தப்படுகிறது. கூரையிலிருந்து தொங்கும் அக்கருவியில் ஜின்னி என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் தோன்றிக் குடும்பத்தின் உணவு, தூய்மை, உறவு அனைத்தையும் கண்காணிக்கிறது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்நாடகத்தின் அடித்தளம் அயலானதன்று. சிறுநீரக விற்பனையால் சென்னை வில்லிவாக்கம் பெற்ற அவப்பெயர் பலரும் அறிந்தது. உறுப்பு வணிகத்தைத் தடைசெய்யும் மைய அரசின் சட்டம் 1994ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. நாடகம் அச்சட்டத்துக்குப் பின் மூன்றாண்டுகளுக்குள் வெளிப்பட்டது. திறனாய்வாளர் பலரும் இந்நாடகத்தை உறுப்பு வணிகம், உலகமயம், பின்காலனியம் ஆகிய கோணங்களில் விளக்கியுள்ளனர். அவ்விளக்கங்கள் பொருத்தமானவையே. எனினும் அவை படம் வரைபவர் ஒருவர் எழுதிய நாடகம் இது என்பதைக் கணக்கில் கொள்வதில்லை.

ஜின்னி தோன்றும் கருவி, மேடைக்குள் வைக்கப்பட்ட ஒரு கட்டம். அதில் ஒரு முகமும் அம்முகத்தின் பேச்சும் உள்ளன. சித்திரக்கதையில் வாசகர் கட்டத்தைப் பார்ப்பார்; இங்குக் கட்டம் மனிதரைப் பார்க்கிறது. ஓமின் தம்பி ஜீத்து தவறுதலாகப் பிடித்துச் செல்லப்பட்டுக் கண்கள் அகற்றப்பட்ட நிலையில் திரும்புகிறான். கண்களின் இடத்தில் பொருத்தப்பட்ட கருவி அவனுக்கு ஜின்னியின் உருவத்தை மட்டும் காட்டுகிறது. பார்வையை இழந்தவன் படத்தை மட்டும் பெறுகிறான். அப்படத்தில் மயங்கித் தானாகவே மீண்டும் செல்கிறான். தாயோ உடலோடு இணைக்கும் தொலைக்காட்சி இருக்கைக்குள் தன்னை அடைத்துக்கொள்கிறாள். இறுதியில் ஜின்னி என்றொருத்தி இல்லை என்பது தெரியவருகிறது. அது கணினி வரைந்த உருவம். அதன் பின்னே இருப்பவன் விர்ஜில் என்ற முதியவன்.

இந்நாடகத்தின் திருப்பம் முழுவதும், முகம் என்பது யாரோ வரைந்த ஒன்று என்ற அறிவின்மேல் நிற்கிறது. கோடுகளால் முகத்தை உண்டாக்கும் பயிற்சி உடையவரே இவ்வறிவை இத்துணை நம்பிக்கையோடு கதையின் அச்சாக்க இயலும். ஜெயா இறுதியில் வைக்கும் கோரிக்கையும் இதனோடு இயைகிறது. தன் கருப்பையை நாடும் விர்ஜிலிடம், நேரில் உடலோடு வருமாறு கோருகிறாள். தன் பெயரைச் சரியாக ஒலிக்குமாறும் கோருகிறாள். உருவத்தை மறுத்து உடலையும் பெயரையும் கேட்கும் அவள், படத்தின் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவர முனைகிறாள். சுகியை வரைந்த கை இந்நாடகத்தில் படத்தைப் பற்றியே ஐயுறுகிறது. இதனைத் துறைமாற்றம் என்பதைவிட, ஓர் ஓவியரின் தற்சோதனை எனலாம்.

5. பெண்களற்ற இரு உலகங்கள்

ஹாகியோவின் 'மார்ஜினல்' (1985–87) தொடரும் பத்மநாபனின் 'எஸ்கேப்' (2008) நாவலும் ஒரே கற்பனையிலிருந்து தொடங்குகின்றன. 'மார்ஜினல்' 2999ஆம் ஆண்டின் பூமியைக் காட்டுகிறது. அங்கு ஆண்களே வாழ்கின்றனர். ஒரே ஓர் 'அன்னை'யே அனைவரையும் ஈன்றதாக நம்பவைக்கப்பட்டுள்ளனர். 'எஸ்கேப்' நாவலில் தளபதிகள் ஆளும் நாட்டில் பெண்கள் முற்றாக ஒழிக்கப்பட்டுள்ளனர். ஆள்பவர் தம்மைத்தாமே படியெடுத்துப் பெருக்கிக்கொள்கின்றனர். எஞ்சிய சிறுமி மெய்ஜியை மூன்று சிற்றப்பன்மார் ஒளித்து வளர்க்கின்றனர். அவளுடைய வளர்ச்சியே மருந்துகளால் தடுக்கப்பட்டுள்ளது. பெண் சிசுக்கொலையை உசிலம்பட்டிப் பகுதிச் செய்திகளின் வழி அறிந்த மதுரை வாசகருக்கு இக்கற்பனை வெறும் எதிர்காலமாகத் தோன்றாது.

இரு படைப்புகளும் வேறுபடுவது உடலைக் காட்டும் முறையில். சித்திரத்தில் உடலைச் சொல்லாமல் காட்டலாம். காட்டியும் அதன் பாலை முடிவு செய்யாமல் விடலாம். 'பதினொருவர்' கதையின் ஃப்ரோல் என்ற பாத்திரத்தை அழகிய பெண்ணென்றே உடனிருப்போர் கொள்கின்றனர். ஆனால் ஃப்ரோலின் உலகில் வயதுவரும்வரை பால் தீர்மானமாவதில்லை. ஜப்பானிய வினைமுற்றில் பால்காட்டும் விகுதி இல்லாமையும் இந்நிலைக்குத் துணைநிற்கிறது. ஃப்ரோலைத் தமிழில் பெயர்க்க முனைவோர் முதல் வினையிலேயே அவன், அவள், அவர் என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஆண்மை திரிந்தோரைச் சுட்டும் பெயர்களுக்குத் தமக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், அவை உயர்திணைப் பால் ஈறுகளையே ஏற்கும் என்றும் கூறுவது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. சித்திரம் தள்ளிவைக்கும் முடிவை மொழியின் இலக்கணம் உடனே கேட்கிறது.

பத்மநாபன் எழுதும் ஆங்கிலத்திலும் படர்க்கை ஒருமைப் பெயர் பாலைக் காட்டும். மெய்ஜி தன் உடலை அறியாதிருக்கும்போதே கதைசொல்லி அவளைப் பெண்ணென்று குறிப்பிட வேண்டியுள்ளது. ஆதலால் அவள் அறியாததை வாசகர் முன்னரே அறிந்துவிடுகிறார். இது நாவலுக்கு ஒருவகைத் துயரச்சுவையைத் தருகிறது. ஆனால் ஃப்ரோலைக் காணும்போது வாசகர் அடையும் தடுமாற்றத்தை அது தருவதில்லை. தொடர்நாவலான 'தி ஐலண்ட் ஆஃப் லாஸ்ட் கேர்ள்ஸ்' (2015) இளைய சிற்றப்பனின் உடலையே பெண்ணுடலாக மாற்றி இவ்வினாவை மறுபுறமிருந்து அணுகுகிறது. இவ்விரு நாவல்களும் சித்திரமாக வரையப்பட்டிருப்பின் மெய்ஜியின் உடலை நாம் எவ்வாறு கண்டிருப்போம் என்ற வினா தவிர்க்க இயலாதது. வரையும் ஆற்றல் உடையவரே அவற்றின் ஆசிரியர் என்பதால் அவ்வினா வெறும் ஊகமாகவும் நின்றுவிடுவதில்லை.

ஹாகியோவின் முறையிலும் குறை உண்டு. ஃப்ரோலின் பால்நிலையைத் திறந்துவைத்த கதை, தாதா என்ற மாணவனுடனான காதலின் பொருட்டு ஃப்ரோல் பெண்ணாக இசையும் திசையிலேயே முடிகிறது. சிறுமியர் இதழின் காதல் மரபு அங்கு வெல்கிறது. ஆதரவளித்த இதழே எல்லையும் வகுத்தது என்பதை மறைத்து ஹாகியோவின் சூழலை இலட்சியமாக்குவது ஆய்வுக்கு உதவாது.

6. இதழும் வகைமையும்: தமிழ்ச் சான்றுகள்

இதழே வகைமையை உருவாக்குகிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. 1925ஆம் ஆண்டு வை. மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி' இதழைத் தம் பொறுப்பில் ஏற்று, 'வைதேகி' என்ற துப்பறியும் நாவலைத் தொடராக வெளியிட்டார். பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். ஆணுக்குரியதாகக் கருதப்பட்ட ஒரு வகைமை பெண்ணின் கைக்கு வந்தது, இதழ் அவர் கைக்கு வந்த பின்னரே.

மற்றொரு சான்று அறிவியல் புனைவுக்கு இன்னும் நெருக்கமானது. வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கேயா ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905ஆம் ஆண்டு வெளிவந்தது. பெண்கள் அறிவியலைக் கொண்டு நாடாள, ஆண்கள் வீட்டுக்குள் அடங்கியிருக்கும் கற்பனை அது. அதனை முதலில் வெளியிட்டது கமலா சத்தியநாதன் சென்னையில் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்'. நூறாண்டுகள் கழித்து, சென்னையின் தாரா பதிப்பகம் கோண்டுப் பழங்குடி ஓவியர் துர்கா பாயின் சித்திரங்களுடன் அக்கதையை நூலாக்கியது. பெண்ணின் அறிவியல் கற்பனையும் பெண்ணின் கோடும் தமிழ்நாட்டில் சந்தித்தன. இருவேறு பெண்களுக்கு நடுவே, ஒரு நூற்றாண்டு இடைவெளியில்.

'எஸ்கேப்' வெளிவந்த 2008ஆம் ஆண்டிலேயே அம்ருதா பாட்டீலின் 'காரி' என்ற சித்திர நாவலும் வெளிவந்தது. பெண் வரையும் நீண்ட சித்திரக்கதைக்கு இந்தியப் பதிப்புலகம் இடமளிக்கத் தொடங்கிய காலம் அது. பத்மநாபனின் அறிவியல் புனைவு அதற்குள் எழுத்தில் தன் வடிவத்தை அடைந்துவிட்டது. ஒரு கதவு திறப்பதற்கும் அதன்வழி நுழையவேண்டியவர் அங்கு நிற்பதற்கும் இடையிலான காலப் பொருத்தம் ஹாகியோவுக்கு அமைந்தது, பத்மநாபனுக்கு அமையவில்லை.

7. முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

• அறிவியல் சித்திரக்கதையில் பெண்கள் அரிதாக இருப்பதற்கு ஆர்வமின்மையோ திறனின்மையோ காரணமாகாது. மஞ்சுளா பத்மநாபனிடம் இவ்விரண்டும் நிறைந்திருந்தன. தொடர்ச்சியான பக்கமும் அதற்குரிய வாசகரும் நம்பிக்கை வைத்த பதிப்பாசிரியரும் ஒருங்கே அமையாமையே காரணம்.

• 'ஹார்வெஸ்ட்' நாடகத்தின் கருவியும் முகமும் ஓவியரின் அனுபவத்திலிருந்து பிறந்தவை. அந்நாடகத்தைச் 'சுகி'யோடு சேர்த்துப் படிக்கும்போது அதன் இறுதித் திருப்பம் கூடுதல் பொருள் பெறுகிறது.

• பாலை வரையறுக்காமல் உடலைக் காட்டும் ஆற்றல் சித்திரத்துக்கு உண்டு. பால்காட்டும் மொழிகளில் எழுதப்படும் புனைவு இவ்வாற்றலை வேறு வழிகளில் ஈடுசெய்ய வேண்டியுள்ளது.

• ஓர் எழுத்தாளரின் நாடகம் ஆங்கிலத் துறையிலும், நாவல் பெண்ணிய ஆய்விலும், சித்திரம் இதழியலிலும் எனப் பிரித்துப் படிக்கப்படும்போது அவருடைய கலைவாழ்வு சிதறுகிறது. தமிழ் ஆய்வுலகும் இதே பிரிவினையைப் பின்பற்றுவதால், நம் வார இதழ்களில் வந்த சித்திரங்களையும் படக்கதைகளையும் இலக்கிய வரலாற்றுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

இறுதி முடிபு நம் பணியைச் சுட்டுவது. பழைய தமிழ் மகளிர் இதழ்களையும் சிறுவர் இதழ்களையும் தொகுத்து, அவற்றில் வரைந்த பெண்களின் பெயர்களை நிரல்படுத்தும் ஆய்வு மேற்கொள்ளப்பட வேண்டும். பழைய தாள் எடைக்குச் செல்லும் ஒவ்வோர் ஆண்டும் அவ்வாய்வுக்கான மூலங்கள் குறைகின்றன. தமிழில் ஹாகியோ ஏன் தோன்றவில்லை என்று வினவுவதற்குமுன், தோன்றியிருந்தால் அவரை நாம் எந்தப் பட்டியலில் தேடியிருப்போம் என்பதையும் வினவிக்கொள்ளுதல் தகும்.